கோட்டையைப் பார்க்க யாருக்கு ஆசை

அந்த வீட்டில் யாரும் தனக்கு இன்னது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. பசியெடுத்தால் "குழந்தைக்குப் பசிக்குமே" என்பார்கள். குழந்தை அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும். மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவருக்குக் குளிரும். தூக்கம் வந்தால், எதிரில் இருப்பவர் காலையில் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டியவராகிவிடுவார். கேட்பது அநாகரிகம், கேட்காமலே தெரிந்துகொண்டு செய்வதுதான் பாசம் என்று என்றைக்கோ யாரோ அந்தக் குடும்பத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதை மாற்ற வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருந்தாலும், அதையும் இன்னொருவர் பேரில்தான் சொல்லியிருக்க முடியும்.

சின்ன மருமகள் பிறந்த வீடு அப்படியில்லை. அங்கே எல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு மாலை, "எனக்கு இன்னும் கொஞ்சம் டீ வேணும்" என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மாமனார், மாமியார், கணவன் மூவரும் ஒரே நேரத்தில் எழுந்து சமையலறைக்கு ஓடி, வாசலில் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அப்படியொரு வாக்கியத்தை அவர்கள் காது கேட்டதே இல்லை. அதன்பிறகு அவளும் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டாள். இப்போது அந்தக் கலையில் வீட்டுக்காரர்களையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

அப்படிப்பட்ட குடும்பம்தான் அன்று காலையில் காரில் ஏறிக் கோட்டை பார்க்கப் புறப்பட்டது. காரின் பின்பக்கத்தில் மாமனாரின் பெட்டி இருந்தது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாமியார் காலமான பிறகு மாமனார் சின்ன மகன் வீட்டோடு வந்துவிட்டார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே போனாலும் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும்போது முன்பின் தெரியாதவர்களைக்கூட எண்ணிவிடுவார். சின்ன மகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். சின்ன மருமகள் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு மேற்பார்வையாளர். குட்டி என்று எல்லோரும் கூப்பிடும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவது மாமனார்தான். மூன்றாம் மாடியில் வீடு. இப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் எடுக்கும் பெரிய மகன் சொந்தமாக வீடு கட்டிவிட்டான். அதில் தரைத்தளத்தில் அப்பாவுக்கென்று ஓர் அறை, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது கோட்டை. பெரியவன் அந்தப் பக்கமிருந்து வருவான், இவர்கள் இந்தப் பக்கமிருந்து போவார்கள், எல்லோருமாகக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள், மத்தியானம் சாப்பிட்டதும் பெட்டி இந்தக் காரிலிருந்து அந்தக் காருக்கு மாறும். மாமனாரும் மாறுவார்.

அதுதான் சின்ன மருமகளுக்குத் தாங்கவில்லை. வெளியே சொல்லவும் வழியில்லை. ஒரு வாரம் முன்பு பெரிய மருமகள் போனில், "பாவம், உனக்கும் பிள்ளைய ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணுமில்ல, என்ன பண்ணப் போற?" என்று கேட்டிருந்தாள். நல்ல மனசோடு கேட்டதுதான். ஆனாலும் அது சுருக்கென்று தைத்துவிட்டது. இனி அவள் 'போகாதீங்க மாமா' என்று சொன்னால் சம்பளமில்லாத ஆளைத் தேடுகிறாள் என்றுதான் ஆகும். விஷயம் அதுவே இல்லை. ஷிஃப்ட் முடிந்து அவள் களைத்து வரும் சாயங்காலங்களில் டீயோடு உட்கார்ந்து, இன்றைக்கு எந்த அறையில் யார் எதை மறந்துவிட்டுப் போனார்கள் என்று ஆர்வமாகக் கேட்பதற்கு இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். கணவன் நல்லவன்தான், ஆனால் யாரோ விட்டுப்போன பல்செட்டைப் பற்றி அவனிடம் எவ்வளவு நேரம் பேச முடியும்? மாமா அரைமணி நேரம் பேசுவார். அவளுக்குத் தன் அப்பாவைவிட அவரைப் பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

கோட்டை வாசலில் பெரியவன் முன்னாலேயே வந்து நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை அவள் கவனித்தாள், கவனித்தபோதே கொஞ்சம் எரிச்சலும் வந்தது. டிக்கெட் எடுத்தார்கள். மாமனார் எல்லோரையும் எண்ணினார். தொண்டை கட்டிய குரலில் பேசும் வழிகாட்டி அம்மாள் ஒருத்தி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க, கூட்டம் அகழியின் மேலிருந்த பாலத்தைக் கடந்து உள்ளே போனது. அகழியில் இப்போது தண்ணீர் இல்லை, புல் முளைத்திருந்தது. வாசற்கதவின் ஆணிகள் ஒவ்வொன்றும் குட்டியின் முஷ்டி அளவு இருந்தன. குட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலில் ராஜாவின் படுக்கையறை. நான்கு தூண், மேலே விதானம், சுற்றிலும் சிவப்புத் திரை, ஏறுவதற்கு மரப்படி. மற்றவர்கள் ஆகா என்று வாயைப் பிளந்தார்கள். சின்ன மருமகள் கண்ணுக்கு அந்தத் திரையின் மடிப்புகளில் அடைந்திருந்த தூசிதான் தெரிந்தது. மாமனாரின் காதோரம் குனிந்து, இந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டுமென்றால் மூன்று பேர் வேண்டும், அதில் ஒருத்தி ஏணி பிடித்துக்கொள்ளவே சரியாகப் போய்விடும் என்றாள். தன் ஆட்களில் ஒருத்திகூட இதற்குச் சம்மதிக்க மாட்டாள் என்றும் சொன்னாள். மாமனார் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வழிகாட்டி அம்மாள் திரும்பிப் பார்த்து முறைத்தாள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்து ராணியின் குளியலறை. நடுவில் செம்புத் தொட்டி, யானைக்குட்டியைக் குளிப்பாட்டலாம் போலிருந்தது. வெந்நீர் கீழேயிருந்த சமையற்கட்டிலிருந்துதான் வரவேண்டும், குறுகலான பின்படிக்கட்டு வழியாக வாளி வாளியாகத் தூக்கி வருவார்கள் என்று வழிகாட்டி விளக்கினாள். எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள். மாமனார் மட்டும் அந்தப் படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

பிறகு கோபுரம். அதன் சுழற்படியில் நாலைந்து படி ஏறியதுமே மாமனார் நின்றுவிட்டார்.

"குட்டி மூச்சு வாங்கறா. கொஞ்சம் நின்னு போலாம்."

குட்டியோ அதற்குள் மேலே போய், அங்கிருந்து பறவைகளைப் பற்றி ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். கோட்டைப் படிகள் செங்குத்தானவை, வயசான மனிதருக்குக் கஷ்டம்தான் என்று சின்ன மருமகள் புரிந்துகொண்டாள். தனக்கு உயரமென்றால் தலை சுற்றும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, மகன்கள் இருவரையும் மேலே அனுப்பிவிட்டு அவரோடு கீழே கல் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அம்பு எய்வதற்காக விட்டிருந்த சந்து வழியாகக் கொஞ்சம் வெயில் வந்து அவர் முழங்கால் மேல் விழுந்தது. சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

அவர் முந்திக்கொண்டார். பெரியவன் ஆசை ஆசையாக அறை கட்டிவிட்டான், போகாவிட்டால் அவன் மனசு கஷ்டப்படும் என்றார். பழக்கம் யாரை விட்டது? "ஆமா மாமா, அத்தானுக்கு ரொம்ப ஆசை" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தலையாட்டினார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் விருந்து மண்டபம். ஒரு தெரு நீளத்துக்கு மேஜை, இரண்டு பக்கமும் உயரமான நாற்காலிகள், வெள்ளித் தட்டுகள். அங்கே வழிகாட்டி அம்மாளுக்கே உற்சாகம் வந்துவிட்டது. அந்த ராஜா அவசரமாகச் சாப்பிடுகிறவராம். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் மேஜையில் இருக்கும் அத்தனை தட்டையும் எடுத்துவிடுவது அரண்மனை வழக்கம். பரிமாறுவதோ ராஜாவிடமிருந்துதான் தொடங்கும். அதனால் மேஜையின் கடைசியில் இருந்தவர்களுக்குத் தட்டு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. விருந்துக்குப் புறப்படுகிறவர்கள் வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்களாம்.

குட்டி தன் அம்மா பிறந்த வீட்டைக் கொண்டவள். பட்டென்று கேட்டாள்: "எனக்கு இன்னும் சாப்பிடணும்னு சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும்மா சொல்லுவா?" என்றாள் வழிகாட்டி. "ராஜாவுக்கே தெரியணும்னு இவங்க பேசாம இருந்திருப்பாங்க. எல்லாருக்கும் வயிறு நெறஞ்சிடுச்சுன்னு அவர் இருந்திருப்பார்."

கூட்டம் சிரித்தது. சின்ன மருமகள் ஓரக்கண்ணால் தன் குடும்பத்தைப் பார்த்தாள். கணவன் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தான். பெரியவன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். மாமனார் ஆட்களை எண்ணத் தொடங்கிவிட்டார்.

வெளியே முற்றத்தின் மூலையில் கேன்டீன் இருந்தது. ரொட்டியும் சூப்பும் டீயும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குட்டி கேக்கைத் தின்றுகொண்டே, சலிப்போடு, இந்தக் கோட்டைக்கு வரணும்னு யாருக்குத்தான் ஆசை, சினிமாவுக்குப் போயிருக்கலாமே என்றாள்.

தாத்தா சிரித்துக்கொண்டே, உன் பெரியப்பாவுக்குத்தான் இந்த மாதிரிப் பழைய இடமெல்லாம் ரொம்பப் பிடிக்கும் என்றார். பெரியவன் டீயை வைத்துவிட்டு விழித்தான். தனக்கு இதிலெல்லாம் ஈடுபாடே கிடையாது, அப்பா ரொம்ப நாளாகக் கோட்டை பார்க்க ஆசைப்படுகிறார் என்று தம்பி சொன்னதால்தான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தேன் என்றான். தம்பி தடுமாறினான். அப்பாவுக்கு ஆசையா என்று தனக்குத் தெரியாது, மனைவிக்குப் பார்க்க வேண்டுமென்று இருக்கும் என்று நினைத்தேன், அதை நேராகச் சொன்னால் நன்றாக இருக்காதே என்று அப்பா பேரில் சொன்னேன் என்றான். எல்லோரும் சின்ன மருமகள் பக்கம் திரும்பினார்கள்.

"எனக்கா?" என்றாள் அவள். "ஓடாய்த் தேஞ்சு நான் பாக்குற வேலையே கட்டிலும் பாத்ரூமும்தான். லீவு நாள்லயும் கட்டிலையும் பாத்ரூமையும் பாக்க எனக்கென்ன தலையெழுத்தா? மாமா ஆசைப்படுறார்னு நெனச்சேன்."

மாமனார்தான் முதலில் சிரித்தார். பெரியவன் சிரித்துப் புரையேறி இருமினான். டிக்கெட்டும் பெட்ரோலும் செலவழித்து, ஆளுக்கொரு திசையிலிருந்து கிளம்பி, ஒருத்தருக்கும் வேண்டாத கோட்டையை ஒரு மூலை விடாமல் பார்த்திருக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். அந்தக் குடும்பம் ஒன்றாகச் சேர்ந்து அப்படிச் சிரித்தது மாமியார் போன பிறகு அதுதான் முதல் தடவை.

சிரித்துக்கொண்டிருந்த சின்ன மருமகள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கோட்டைக்கு ஆன கதி இதுவென்றால், பெட்டிக்கு?

அவள் யோசித்துப் பார்த்தாள். மாமா பெரியவன் வீட்டுக்குப் போக வேண்டுமென்று முதலில் சொன்னது யார்? பெரியவன் போனில், அப்பாவுக்கு எங்களோடு இருக்க ஆசை இருக்கும் என்றான். கணவன் அதை வாங்கி, அண்ணனுக்கு அப்பாவை வைத்துக்கொள்ள ஆசை என்றான். மாமா, மருமகளுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா என்றார். அவளே என்ன சொன்னாள்? உங்களுக்கும் பெரிய பிள்ளையோடு இருந்து பார்க்கணும்னு இருக்குமே மாமா என்றாள். மனசில்லாமல்தான் சொன்னாள். நாலு பேரும் அடுத்தவர் ஆசையை நிறைவேற்றுகிற பேரில் அந்த மனிதரைப் பெட்டியில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சூப் ஆறிப்போனது.

கார்கள் நிற்கும் இடத்தில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கணவன் பின்கதவைத் திறந்து பெட்டியை இறக்கித் தரையில் வைத்தான். பெரியவன் தன் வண்டியின் பின்கதவைத் திறந்து இடம் ஒதுக்கினான். மாமனார் குட்டியின் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் சின்ன மருமகள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "மாமா, நீங்க போறது எனக்குப் பிடிக்கல."

கணவன் பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டான். எனக்கு என்ற சொல் அந்தக் குடும்பத்தின் நடுவில் வந்து நின்றது, யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"குட்டியப் பாத்துக்க ஆள் வேணும்னு சொல்லல. அதுக்கு ஸ்கூல் வேன் இருக்கு. வேலை முடிஞ்சு வந்தா எனக்கு உங்ககிட்ட பேசணும். நீங்க வீட்ல இருக்கணும். அவ்வளவுதான் மாமா. அத்தான், தப்பா நெனச்சுக்காதீங்க."

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவனைப் பார்த்தார். அவன் மனசு என்று ஆரம்பித்தார், நிறுத்தினார். குழந்தை ஏங்கிப் போய்விடுவாள் என்றார்.

"குழந்தைய விடுங்க. அத்தானையும் விடுங்க. என்னையும்தான் விடுங்க. உங்களுக்கு என்ன வேணும்? நீங்க எது சொன்னாலும் சரி."

அவர் சின்ன மகனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார், மறுபடியும் பெரியவனைப் பார்த்தார். யார் பேரிலாவது சொல்லிவிட முடியாதா என்று தேடினார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்குக் கால் வலிக்குதும்மா."

"ரொம்ப நடந்துட்டீங்க மாமா, உக்காருங்க," என்று அவள் கார்க் கதவைத் திறக்கப் போனாள்.

"இன்னைக்கு இல்லம்மா. நம்ம வீட்டு மாடிப்படி. ரெண்டு வருஷமாவே முடியல. காலைல எறங்கி ஏறணும், சாயங்காலம் எறங்கி ஏறணும். ராத்திரி படுத்தா முட்டி ரெண்டும் வேற யாருதோ மாதிரி இருக்கு." அவர் குனிந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "எனக்கு உங்கள விட்டுப் போகணும்னு இல்ல. ஆனா எனக்கு அந்தப் படி இல்லாத எடத்துக்குப் போகணும்."

கதவில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் ஒவ்வொரு தளத்திலும் நின்று, குட்டி மூச்சு வாங்கறா, கொஞ்சம் நின்னு போலாம் என்று அவர் சொல்வது அவளுக்கு மேலே கதவு வரைக்கும் கேட்கும். டீ போட்டுக்கொண்டே கேட்டிருக்கிறாள்.

"நான் எங்க மூச்சு வாங்கினேன்?" என்றாள் குட்டி. "தாத்தா நிப்பாரு, நானும் நிப்பேன்."

சின்ன மருமகளுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. அந்த வீட்டுப் பேச்சு முழுக்கத் தனக்கு அத்துப்படி என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டிருந்தவள், தினம் தினம் சொன்ன ஒன்றே ஒன்றைக் காதில் வாங்கவில்லை. அவர் போகாமல் இருக்க வேண்டும் என்பதிலேயே குறியாக இருந்தாள். எப்படி இருக்கிறார் என்று பார்க்கவில்லை.

பெரியவன் மெதுவாகச் சொன்னான். "அப்பாவுக்கு ஆசைன்னு நான்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஆசை எனக்குத்தான். சின்ன வயசுல நான் தூங்கினப்புறம்தான் அப்பா டூட்டி முடிஞ்சு வருவார். எந்திரிக்கிறதுக்குள்ள போயிடுவார்."

மாமனார் அவன் தோளில் கையை வைத்தார்.

சின்ன மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கணவன் பெட்டியைத் தூக்க வந்தான். அவள் விடவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய்ப் பெரியவன் காரில் வைத்தாள், சாயாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். அவர் கைத்தடி வாங்கிக்கொள்ள வேண்டும், டாக்டரிடம் முட்டியைக் காட்ட வேண்டும், தைலம் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது என்றெல்லாம் பெரியவனிடம் வரிசையாகச் சொன்னாள். பிறகு மாமனாரிடம் வந்தாள்.

"தரைத்தளத்துல வீடு பாக்கப்போறோம் மாமா. கெடைக்க நாளாகும். கெடைச்சா வந்து கூப்பிடுவேன், வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவர் தலையாட்டினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். இவ்வளவு நாளும் யாரும் பார்க்காதபோது அப்படித்தான் செய்திருப்பார் போல. இன்றைக்கு எல்லோரும் பார்க்கச் செய்தார். பெரியவன் வண்டியைக் கிளப்பினான். மாமனார் கண்ணாடியை இறக்கினார்.

"ஞாயித்துக்கெழம வந்துடுங்க," என்றார். "குட்டிக்கு என்னப் பாக்கணும்னு—"

நிறுத்தினார். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. அவர் தலையை வெளியே நீட்டினார்.

"எனக்கு உன்னப் பாக்கணும்னு இருக்கும்மா. வா."